இல்லாத காருக்குக் கட்டிய கடன்

கார் என் கையை விட்டுப் போய்ப் பத்து மாதங்கள் ஆகின்றன. அதற்காகப் பட்ட கடனின் கடைசித் தொகையைச் சென்ற வாரம்தான் கட்டி முடித்தேன். அன்றிரவு பழைய ரசீதுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தபோது, 26 மாதங்கள் சொந்தக் காரில் அலுவலகம் போய்வந்ததற்கு நான் கொடுத்த விலை என்னுடைய பதினொன்றரை மாதச் சம்பளம் என்று தெரிந்தது. காரை வாங்குவதற்கு முன்பே போட்டிருக்கக் கூடிய கணக்குத்தான் இது. ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் அப்போது எனக்குத் தோன்றவில்லை. வாங்கச் சொன்னவர்கள் பலர் இருந்தார்கள்; கணக்குப் போடச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. வாங்கிய பிறகு தவறு புரிந்தபோது, ஆசைப்பட்டு வாங்கியதைப் பற்றி யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். தினசரி வேலைக்குப் போய்வருவதற்காகக் கார் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்கேனும் பயன்படலாம்.

என் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே 13 கிலோமீட்டர். கார் வாங்குவதற்கு முன் ஆறு ஆண்டுகள் பேருந்திலும் ரயிலிலுமாகப் போய்வந்தேன். நிறுத்தம் வரை நடை, பேருந்து, அங்கிருந்து ரயில், மறுபடி ஒரு நடை என்று வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஏறத்தாழ 80 நிமிடங்கள் ஆகும். பெரிய குறை என்று அதுவரை நினைத்ததில்லை. ஒரு மழைக்கால மாதத்தில் மட்டும் எல்லாம் சேர்ந்து வந்தது. மூன்று முறை தாமதமாகப் போய் மேலாளரிடம் பேச்சு வாங்கினேன். ஒரு நாள் மாலை, நிரம்பி வழிந்த இரண்டு பேருந்துகள் நிறுத்தத்தில் நிற்காமலே போயின. நனைந்தபடி நின்ற அந்த முக்கால் மணி நேரத்தில்தான் கார் வாங்குவது என்று முடிவெடுத்தேன். பேருந்தின் மிக மோசமான நாளையும் காரின் மிக நல்ல நாளையும் ஒப்பிட்டுத்தான் அந்த முடிவை எடுத்தேன் என்பது இப்போது புரிகிறது. காரின் நல்ல நாள் என்று நான் எடுத்துக்கொண்டது எது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு விற்பனையாளருடன் போன சோதனை ஓட்டம். அலுவலகம் வரை போய்ப் பார்க்கலாம் என்று நானே கேட்டேன். 25 நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஒரு நாளைக்கு ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு, அந்த நேரத்தில் என்னென்ன செய்யலாம் என்றுகூடத் திட்டமிட்டுவிட்டேன். சோதனை ஓட்டம் போகிறவர்கள் வேலை நாளில், நீங்கள் உண்மையில் புறப்படும் நேரத்தில் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வர முடியாது என்று விற்பனையாளர் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்குத் தேவையான தகவலைத் தந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை நான் போட்ட ஒரே கணக்கு, எரிபொருளுக்கு ஆகும் செலவு எவ்வளவு, மாதப் பயணச்சீட்டுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பதுதான். எரிபொருள் அதிகம்தான், ஆனால் தாங்கக் கூடியதாகத் தெரிந்தது. தவணையை நான் போக்குவரத்துச் செலவாகவே எண்ணவில்லை. அது ஒரு சொத்துக்கான சேமிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினேன். மீதி முழுவதும் ஏழு ஆண்டுக் கடன். விற்பனையாளர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பது. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றேன். சரியாக அந்தத் தொகைக்கு ஏற்ற காரும், அந்தத் தொகை வரும்வரை நீட்டப்பட்ட தவணைக் காலமும் மேசைக்கு வந்தன. மொத்தமாக எவ்வளவு கட்டுவேன் என்பதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடன் தாளில் கையெழுத்திடும் முன் மூன்றை மட்டுமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கடைசித் தவணை வரை கட்டும் மொத்தத் தொகை, வட்டி கணக்கிடப்படுவது குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கா அல்லது இறுதிவரை முழு அசலுக்குமா என்பது, இடையில் கடனை முடிக்க விரும்பினால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பது. மூன்றாவதைக் கேட்காததன் பலனைப் பிறகு அனுபவித்தேன்.

முதல் வாரம் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. கதவைச் சாத்தியதும் வெளியுலகம் அடங்கிப்போவது, விரும்பிய பாட்டைக் கேட்பது, நனையாமல் போய் இறங்குவது என எல்லாமே புதிய சுகம். இரண்டாவது வாரத்தில்தான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். காலையில் சாலையில் மட்டும் 50 நிமிடங்கள்; மாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். அலுவலகத்தில் இடம் பெரிய பதவிக்காரர்களுக்கு மட்டும்தான் என்பதால், வெளியே நிறுத்துமிடம் தேடுவதற்குப் பத்து நிமிடங்கள், அங்கிருந்து நடப்பதற்கு ஐந்தாறு நிமிடங்கள். சராசரியாக ஒரு வழிக்கு 70 நிமிடங்கள். ஆறு ஆண்டுகளாகப் பழகிய 80 நிமிடங்களை விடப் பத்தே நிமிடங்கள் குறைவு. நம்ப முடியாமல் கைபேசியில் மூன்று வாரங்கள் குறித்து வைத்தேன். சராசரியை விட என்னைத் துன்புறுத்தியது வேறொன்று. காரில் மிகக் குறைந்தது 52 நிமிடங்கள், மிக அதிகம் ஒரு மணி 50 நிமிடங்கள். வழியில் எங்கோ ஒரு லாரி பழுதாகி நின்றால் என் காலை முழுவதும் அதோடு நின்றுபோகும். நேரத்துக்குப் போக வேண்டியவருக்குச் சராசரியால் பயனில்லை. மோசமான நாளை மனத்தில் வைத்துத்தான் புறப்பட வேண்டியிருக்கிறது. கார் வாங்கிய பிறகும் நான் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் முன்பிருந்த அதே நேரமாகத்தான் இருந்தது.

இதில் என் தவறு எதுவும் இல்லை, சாலைதான் காரணம் என்று அப்போது நம்பினேன். வழியில் ஒரு மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது திறந்தால் எல்லாம் சரியாகும் என்று காத்திருந்தேன். திறந்த முதல் இரண்டு மாதங்கள் காற்றாய்ப் பறந்தோம். ஆறாவது மாதத்தில் நெரிசல் பாலத்தின் மேலேயே ஏறி நின்றது. வேறு வழியில் போனவர்கள், வேறு நேரத்தில் போனவர்கள், ரயிலில் போனவர்கள் எல்லாரும் பாலம் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்துவிட்டார்கள். நானும் அப்படி வந்து சேர்ந்த ஒருவன்தானே. இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். உச்ச நேர நெரிசல், சாலையின் கொள்ளளவை எட்டும்வரை பெருகும் என்று ஆந்தனி டவுன்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1962ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். அவர் பெயரோடு ஜே. எம். தாம்சன் என்பவரின் பெயரையும் சேர்த்து வழங்கப்படும் டவுன்ஸ்–தாம்சன் முரண் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நெரிசல் மிகுந்த வழித்தடத்தில் காரில் போக ஆகும் நேரம், அதே இடத்துக்கு ரயில் போன்ற பொதுப் போக்குவரத்தில் வாசலிலிருந்து வாசல் வரை போக ஆகும் நேரத்தை ஒட்டியே வந்து நிற்கும் என்கிறது அது. கார் வேகமாக இருந்தால் ரயிலில் இருப்பவர்கள் காருக்கு மாறுவார்கள். மாற மாறச் சாலை மெதுவாகும். இரண்டும் ஏறக்குறையச் சமமாகும்போது மாறுவது நிற்கும். என்னுடைய எழுபதும் எண்பதும் ஏன் அவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பது அதைப் படித்த அன்று விளங்கியது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 19 தவணைகள் கட்டியிருந்தேன்.

இனி வண்டியின் உடல்நிலைக்கு வருகிறேன். எரிபொருள் மிச்சமாகும் என்று டீசல் காரை வாங்கியிருந்தேன். நகர நெரிசலில் தினமும் ஊர்ந்து போகிறவர்கள் வாங்கக் கூடாத வகை அதுதான் என்று எனக்குத் தெரியாது. இன்றைய டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து தீர வேண்டுமானால் புகையின் வெப்பம் நன்றாக ஏற வேண்டும்; அதற்கு வண்டி ஓரளவு வேகத்தில் சிறிது நேரம் தடையில்லாமல் ஓட வேண்டும். என் கார் அப்படி ஓடியதே இல்லை. ஓராண்டுக்குள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பணிமனையில் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் விரட்டி ஓட்டுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். ஆகவே வாரநாட்களில் என்னைச் சுமந்த காரை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போனேன். அடுத்து கிளட்ச். பாதி மிதித்தபடி அங்குலம் அங்குலமாக நகரும்போது அதன் தகடுகள் உரசிச் சூடாகித் தேய்கின்றன. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டியதாயிற்று. தேய்மானம் உத்தரவாதத்தில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். அதே காலத்தில் என் இடது முழங்காலும் வலிக்கத் தொடங்கியது; அதற்கு உத்தரவாதம் தருவோர் யாரும் இல்லை. கார் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், பயணம் முழுவதும் நெரிசலிலும் குறைந்த தூரத்திலும்தான் இருக்குமானால், டீசலையும் கையால் கியர் மாற்றும் வண்டியையும் தவிர்ப்பது நல்லது.

கிளட்சுக்குப் பணம் கட்டிய மாதத்தில்தான் முதல்முறையாக முழுக் கணக்கையும் எழுதினேன். தவணை, எரிபொருள், நிறுத்துமிடக் கட்டணம், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய காப்பீடு, சர்வீஸ், டயர், பழுது எல்லாவற்றையும் மாதக் கணக்கில் பிரித்தால் சம்பளத்தில் 35 சதவீதம் வந்தது. மாதம் சுமார் 200 மணி நேரம் வேலை செய்கிறேன். அதில் 70 மணி நேரம் காருக்காக உழைக்கிறேன் என்று பொருள். 22 வேலை நாட்களில் காரில் செலவாகும் நேரம் 51 மணி. இரண்டையும் சேர்த்தால் 121 மணி நேரம். கடக்கும் தூரமோ 572 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வரவில்லை. சாதாரணமாக நடப்பவரின் வேகம்தான். சமூகச் சிந்தனையாளர் இவான் இல்லிச் 1970களிலேயே இப்படி ஒரு கணக்கைப் போட்டு, ஓர் அமெரிக்கர் காருக்காக ஆண்டுக்கு 1,600 மணி நேரம் கொடுத்து 7,500 மைல் போகிறார், அதாவது மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு என்று காட்டியிருக்கிறார். முழு நியாயமாகச் சொன்னால், அந்தக் கார் அலுவலகத்துக்கு மட்டுமே பயன்பட்டதாகச் சொல்ல முடியாது; சில வெளியூர்ப் பயணங்களும், நள்ளிரவில் ஒரு முறை மருத்துவமனைக்குப் போனதும் உண்டு. அவற்றைக் கழித்தாலும் கணக்கின் முகம் பெரிதாக மாறவில்லை. ஒரு நாளின் 24 மணி நேரத்தில் 22 மணி நேரம் அது எங்காவது நின்றுகொண்டேதான் இருந்தது.

விற்றுவிடலாம் என்று முடிவெடுப்பது எளிதாக இருந்தது. விற்பதுதான் எளிதாக இல்லை. புதிய காரின் மதிப்பு முதல் ஓரிரு ஆண்டுகளில்தான் மிக வேகமாகச் சரிகிறது. கடனின் அசலோ அதே ஆண்டுகளில்தான் மிக மெதுவாகக் குறைகிறது, ஏனென்றால் தொடக்கத் தவணைகளில் கணிசமான பகுதி வட்டிக்குப் போய்விடும். 26 தவணைகள் கட்டிய பிறகும் அசலில் முக்கால் பங்குக்கு மேல் பாக்கி இருந்தது. காருக்குக் கிடைத்த விலை, புதிதாக வாங்கியதில் 60 சதவீதம். விற்ற பணம் முழுவதையும் கடனுக்குக் கொடுத்தும், ஒரு மாதச் சம்பளத்துக்கும் சற்று அதிகமான தொகை துண்டு விழுந்தது. இடையில் முடிப்பதற்கான கட்டணம் வேறு. கையில் அவ்வளவு இல்லாததால் அதற்கு ஒரு சிறு கடன் வாங்கினேன். சென்ற வாரம் அடைத்தது அதைத்தான். சாவியைக் கொடுத்துவிட்டுக் கடன் பத்திரத்தோடு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்தது. கார் போனதற்காக இல்லை. இருபத்தாறு மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் சுமந்த முட்டாள்தனத்துக்காக. விற்கும் எண்ணம் எழுந்த அன்றே கடன் கொடுத்தவரிடம் பாக்கித் தொகைக்கான கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். பழைய காரை வாங்குவோரில் குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். நான் கேட்டதில் முதல்வருக்கும் மூன்றாமவருக்கும் இடையே ஒரு மாதத் தவணைக்கும் மேலான வேறுபாடு இருந்தது. பெயர் மாற்றம் முடிந்ததற்கான சான்றைக் கையில் வாங்கும்வரை விற்பனை முடிந்ததாக நினைக்காதீர்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த வண்டியின் மேல் வரும் வழக்குகள் உங்கள் முகவரியைத்தான் தேடி வரும்.

மீண்டும் பேருந்துக்குத் திரும்பியதை வெற்றிக் கதையாகச் சொல்ல மாட்டேன். முதல் மாதம் பழைய எரிச்சல்கள் அத்தனையும் அங்கேயே காத்திருந்தன. ஆனால் இந்த முறை கோபப்படுவதற்குப் பதிலாகக் கவனித்தேன். நெடுநேரம் எந்தப் பேருந்தும் வராமல் பிறகு இரண்டு சேர்ந்து வருவது ஓட்டுநர்களின் அலட்சியம் என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு பேருந்து சிறிது தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்ற மேலும் நேரமாகும். பின்னால் வருவதற்கோ ஏற்ற ஆளில்லாமல் அது நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒன்று சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகிறவர் சராசரியாக ஆறு நிமிடங்கள் காத்திருப்பார். இரண்டு இரண்டாகச் சேர்ந்து வந்தால், அதே எண்ணிக்கையில் ஓடினாலும், அவர் பன்னிரண்டு நிமிடங்கள் நிற்க வேண்டும். இது புரிந்தபின் நெரிசலான முதல் வண்டியில் முட்டி மோதாமல், ஒட்டி வரும் இரண்டாவதில் ஏறப் பழகினேன். வழித்தடத்தின் தொடக்கத்தில் பேருந்துகள் இப்படி ஒட்டிக்கொள்வது குறைவு என்பதால், எதிர்த்திசையில் ஒரு நிறுத்தம் நடந்து போய் ஏறுவதும் பலன் தந்தது. உட்காரவும் இடம் கிடைத்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் வண்டி மாறுவதைக் குறைத்ததுதான். வரைபடத்தில் வேகமாகத் தெரிந்த என் பழைய வழியில் பேருந்திலிருந்து ரயிலுக்கு மாற வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றமும் அடுத்த வண்டியைத் தவறவிடுவதற்கான ஒரு வாய்ப்பு. இப்போது ரயில் நிலையம் வரை 22 நிமிடங்கள் நடக்கிறேன். பிறகு ஒரே ரயில். மொத்தம் 78 நிமிடங்கள் ஆகிறது. மோசமான நாளில் 95. காரின் 110ஐ நினைத்துக்கொள்கிறேன். ரயிலில் புத்தகம் படிக்கலாம், வேலை பார்க்கலாம் என்றெல்லாம் சொல்வார்கள். நின்றுகொண்டு போகும்போது அது பேச்சளவில்தான். இருபது நிமிடங்கள் முன்னதாகக் கிளம்பும் ரயிலில் மட்டுமே எனக்கு உட்கார இடம் கிடைக்கிறது, அதனால் அதில் போகிறேன். இறங்கும் நிலையத்தின் படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு நேராக வரும் என்பதைத் தெரிந்து அதில் ஏறினால் மூன்று நிமிடங்கள் மிச்சம். கடைசி ரயிலின் நேரம் மனப்பாடமாக இருக்க வேண்டும். முன்பு கட்டிய தவணையில் ஐந்தில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வைத்து, மழை, உடல்நலக் குறைவு, இரவு வேலை ஆகிய நாட்களில் கூசாமல் வாடகைக் காரில் போகிறேன். எந்த மாதத்திலும் அந்தத் தொகை முழுவதுமாகச் செலவானதில்லை. இதை அப்போதே செய்திருந்தால், அந்த மழை மாலையில் ஒரு வாடகைக் காரோடு என் கோபம் தீர்ந்திருக்கும்.

கார் யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நள்ளிரவில் வேலை முடிபவர்கள், நடக்க முடியாத பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், குழந்தையை ஓரிடத்தில் விட்டு வேறிடத்துக்கு ஓடுபவர்கள், நிலையத்திலிருந்து வீடு வரை இருட்டில் தனியாக நடக்க வேண்டியவர்கள் ஆகியோரின் கணக்கு வேறு. பத்து நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஆடம்பரம் அவர்களுக்கு இல்லை. என் அலுவலகத் தோழர் ஒருவர் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை மட்டும் பழைய சிறு கார் ஒன்றை ஓட்டிப் போய் அங்கேயே நிறுத்திவிட்டு வருகிறார், கடனில்லாமல் வாங்கியது. அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

சென்ற மாதம் என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், கார் வாங்கப் போகிறேன், எது நல்லது, உங்களிடம் முன்பு இருந்ததாமே என்று கேட்டார். எந்தக் காரையும் நான் சொல்லவில்லை. என் பழைய குறிப்புகளைக் காட்டி, மூன்று வாரங்கள் இப்படி எழுதுங்கள், சோதனை ஓட்டத்தைச் செவ்வாய்க்கிழமை மாலைக்கு வையுங்கள் என்றேன். விற்பனையாளர் இரண்டு முறை தேதியை மாற்றிவிட்டாராம். நேற்றும் ரயிலில் அந்தப் புதியவரைப் பார்த்தேன். நின்றபடியே கைபேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.